குறை, கண்டவர் பேரில்

அந்தக் கல்லூரியில் தப்பு நடக்காது. அப்படியே நடந்துவிட்டாலும், அதை யார் பார்த்தார்களோ அது அவர்களுடைய தப்பு. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால், தாமரைச்செல்வி மேடம்தான் என்று வாட்ச்மேன் முதற்கொண்டு சொல்வார்கள். அவள் மறுக்க மாட்டாள். நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு மறுக்க வாய் ஏது.

கீழக்குயில்குடி விலக்கைத் தாண்டி, சமணர் மலையைப் பக்கவாட்டில் விட்டுவிட்டு மேற்கே போனால், கருவேலங்காட்டுக்கு நடுவில் கண்ணாடி முகப்போடு நிற்கிற கட்டடம் அது. வாசலில் 'உலகத் தரம்' என்று எழுதியிருக்கும். எந்த உலகம் என்று எழுதியிருக்காது.

தாமரைச்செல்வி அங்கே வயர்லெஸ் பாடம் நடத்துகிறவள். வீட்டில் முதல் பட்டதாரி. படித்து முடித்ததும் சென்னையில், மோடம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்றால், அடுத்தவர் எழுதிய மென்பொருளை உடைத்துப் பார்க்கிற வேலை. சிக்னல் பாதியில் அறுந்தால் என்ன ஆகும், ரெண்டு கருவி ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும், பேட்டரி செத்தால் என்ன ஆகும் என்று நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். உடைந்தால், எழுதியவரே வந்து நன்றி சொல்வார். முதல் தடவை ஒருவர் அப்படி நன்றி சொன்னபோது அவள் பாத்ரூமுக்குப் போய் அழுதாள். பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரி வரைக்கும், "இது தப்பா இருக்கே" என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். இங்கே அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராமல் போனதும் ஆனையூர் வீட்டுக்குத் திரும்பினாள். திரும்பிய இடத்தில் கிடைத்த வேலை இது.

வந்த புதிதில் லேபில் ஒன்றைக் கவனித்தாள். பிள்ளைகள் சோதனை செய்வதற்கு முன்னாலேயே ரெக்கார்டு நோட்டில் முடிவை எழுதி வைத்திருந்தார்கள். 'இவ்வாறாகச் சோதனை வெற்றிகரமாகச் சரிபார்க்கப்பட்டது.' முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரைக்கும் ஒரே வரிதான். அன்றைக்குக் கரண்ட் இல்லை. சோதனை வெற்றி. ஆன்டெனா மாட்டுகிற முனை உடைந்து ஒரு வருஷம் ஆகிறது. சோதனை வெற்றி. லேப் உதவியாளர் விருமாண்டியிடம் கேட்டாள். கட்டடத்துக்குக் கடைக்கால் போட்ட நாளிலிருந்து அங்கே இருக்கிறவர். அவர் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

"முடிவு தெரியாம ஆரம்பிச்சா பிள்ளைக பயந்துராதா மேடம்."

அந்த வாரமே ரெண்டு பக்கத்தில் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தாள். கம்பெனிகளில் மென்பொருளை எப்படிச் சோதிக்கிறார்களோ அப்படியே நம் வயர்லெஸ் லேபிலும் செய்வோம். எது நடந்தால் சரி என்று முதலில் எழுதிக்கொள்வோம், அப்புறம் சோதிப்போம். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கட்டும். தப்பு தெரிந்தால் எல்லாரும் பார்க்கிற மாதிரிப் பதிவோம், திருத்துவோம், மறுபடி சோதிப்போம். இம்புட்டுத்தான்.

இந்த இடத்தில் அவள் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கொண்டுபோய் டாக்டர் முத்துக்குமரனிடம் கொடுத்தாள்.

முத்துக்குமரன் அந்தக் கல்லூரியின் தர மேம்பாட்டு மையத்து இயக்குநர். மையத்தில் அவரும் ஒரு ஏசியும் இருந்தார்கள். தரச்சான்றுக் குழு ஒன்று சீக்கிரம் வரவிருந்ததால் அவர் புதிதாக எதையாவது தேடிக்கொண்டிருந்தார். பேப்பரைப் படிக்காமலேயே எழுந்து நின்று கை கொடுத்தார். மறுநாள் ஆசிரியர்கள் எல்லாரையும் கூட்டிப் பேசினார்.

"இண்டஸ்ட்ரி என்ன பண்ணுதோ அதுக்கு ஒரு படி மேல நாம பண்ணணும். அவங்க குறையைக் கண்டுபிடிக்கிறாங்க. நாம குறையே இல்லாம பண்ணிருவோம். அவங்களுக்கு ஏன் குறை வருதுன்னு யோசிச்சீங்களா? தேடுறாங்க. அதனால வருது."

கை தட்டினார்கள். தாமரைச்செல்வியும் தட்டினாள்.

ஒரு நல்ல நாள் பார்த்துத் தொடக்க விழா நடந்தது. குறைகளைப் பதிகிற மென்பொருள் இருந்த கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, திரையில் சந்தனம் வைத்து, மவுசுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். விருமாண்டி வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார். முதல் பதிவை இயக்குநரே போட வேண்டும். நல்ல காரியத்தின் முதல் வரியில் குறை என்று எப்படி எழுதுவது என்று கையைப் பிசைந்தவர், கடைசியில் 'நல்வரவு' என்று அடித்தார். கல்லூரியின் முதல் குறை 'நல்வரவு' என்று பதிவாயிற்று. தீவிரம் என்ற கட்டத்தில் 'மிக அதிகம்' என்று போட்டார். மரியாதைக் குறைவாகிவிடக் கூடாதல்லவா.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கம்பெனிகளில் காலையில் பத்து நிமிஷம் நின்றுகொண்டே பேசிக் கலைவார்கள். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதற்காக. இங்கே அதற்காக லேபிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிவிட்டார்கள். முதல் பீரியட் முழுக்க நிற்க வேண்டும். நிற்பதன் நன்மைகள் பற்றி முத்துக்குமரன் பேசினார். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். தரத்தைக் கண்காணிக்கிறவருக்குக் கால் வலி வரக் கூடாது. மயங்கி விழுந்த பிள்ளைக்கு, விழுகிற வரைக்கும் நின்றதற்காக அட்டெண்டன்ஸ் கொடுத்தார்கள்.

ஒருவர் நிரலை இன்னொருவர் படிக்க வேண்டும் என்றாளல்லவா, அதற்காக நிரல்களைக் கையால் பிரதி எடுத்து, ஓரத்தில் கோடு போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து கொண்டுவரச் சொன்னார்கள். கையெழுத்து அழகாக இருந்த நிரலுக்கு முதல் பரிசு. அந்த நிரல் ஓடவே ஓடாது. ஓட்டிப் பார்க்கிறது போட்டி விதிமுறையில் இல்லை.

சோதனை முடிவுகளுக்கு மேலமாசி வீதியில் ரப்பர் ஸ்டாம்பு செய்தார்கள். 'தேறியது' என்று ஒன்று. கடைக்காரர் இன்னொன்றும் செய்யவா, 'தேறவில்லை' என்று, சேர்த்துச் செய்தால் குறைச்சுத் தாரேன் என்று கேட்டிருக்கிறார். அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று முத்துக்குமரன் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரே ஒரு பிள்ளை தாமரைச்செல்வி சொன்னதை நிஜமென்று நம்பிவிட்டது.

சுபலட்சுமி, கடைசி வருஷம். செக்கானூரணிக்கு அங்கிட்டு ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா சின்னச்சாமிக்குக் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் மல்லிகையும். ஒரு நாள் லேபில், வயர்லெஸ்ஸில் தகவல் அனுப்புகிற கருவியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், வாங்குகிற கருவி ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.

"மேம், அந்தப் பக்கம் ஆளே செத்துப்போச்சு. இந்தப் பக்கம் இது சௌக்கியம்னு சொல்லிக்கிட்டே இருக்கு," என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

தாமரைச்செல்விக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். இதற்காகத்தான் அந்த ரெண்டு பக்கத்தை எழுதினாள். பதிவு போடு என்றாள். சுபலட்சுமி போட்டாள். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தூரம் கூடினால் இது தப்பு, ரெண்டு கருவி சேர்ந்து கத்தினால் அது தப்பு, இந்த எண் இத்தனையைத் தாண்டினால் திரும்பவும் சைபருக்குப் போகிறது என்று, கோழி மண்ணைக் கிளறுகிற மாதிரிக் கிளறி எடுத்தாள். கிளறினதோடு விடவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் திருத்தமும் எழுதி வைத்தாள்.

அந்த வருஷம் தாமரைச்செல்வியின் பழைய கம்பெனி கல்லூரிக்கு ஆள் எடுக்க வருவதாக இருந்தது. வருகிறது அவளோடு வேலை பார்த்த பிரியம்வதா. தாமரைச்செல்வி அவளுக்கு எழுதினாள்: எங்களிடம் ஒரு பிள்ளை இருக்கிறது, இந்த மாதிரி கண் உள்ளவளை நீயும் நானும் அங்கே பார்த்ததில்லை, வந்து பார். பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் சிபாரிசு ஆகிவிடும் என்று நினைத்தாள். நேர்மை.

அந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று சுபலட்சுமி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னாள். தை பிறந்ததும் மாமன் மகனுக்குக் கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்துவிட்டது. வேலைக்குப் போவதாக இருந்தால் மட்டும் தள்ளிப்போடலாம் என்று அப்பா மெனக்கெட்டு அத்தையிடம் பேசி வைத்திருக்கிறார்.

"மாமன் மகன் நல்லவன்தான் மேம். ஆனா அவன்கிட்ட நோண்டுறதுக்கு ஒண்ணுமில்ல," என்றாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அது முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாசக் கடைசியில் முத்துக்குமரன் மேசைக்கு அறிக்கை போயிற்று. சிவில் துறை: குறை பூஜ்ஜியம். மெக்கானிக்கல்: பூஜ்ஜியம். அவர்கள் மென்பொருளைத் திறக்கவே இல்லை. திறப்பதற்கு பாஸ்வேர்டும் யாரிடமும் இல்லை. தாமரைச்செல்வியின் துறையில் மட்டும் குறைகள் பக்கம் பக்கமாக ஓடின. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பெயர், சுபலட்சுமி.

அவசரக் கூட்டம். குறைகள் யாருடையவை என்று முத்துக்குமரன் கேட்டார். அந்த நிரலை ரெண்டு வருஷத்துக்கு முன்னால் படித்துப் போன பிள்ளைகள் எழுதியது சார் என்றாள் தாமரைச்செல்வி. படித்துப் போனவர்கள் எல்லாரும் 'தேறியது' ஆகிவிட்டார்கள், தேறினவர்களிடம் எப்படிக் குறை இருக்கும் என்றார். நிரலில் குறை என்றாள். நிரல் தன் பெயரை எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்றார்.

"உரிமையாளர் இல்லாத பொருள் கீழே கிடந்தா, அதை எடுத்தவங்கதான் பதில் சொல்லணும். இதுல ஒரே ஒரு பேருதான் இருக்கு. அந்தப் பொண்ணு தொடாத வரைக்கும் இந்தக் கல்லூரியில ஒரு குறை இருந்துச்சா? சொல்லுங்க. நான் யாரையும் குத்தம் சொல்லல. டேட்டா சொல்லுது."

டேட்டா அப்படித்தான் சொன்னது. அன்றைக்குத்தான் சட்டம் வந்தது. குறை, கண்டவர் பேரில். பேரில் குறை உள்ள மாணவர் யாரும் வேலைக்கான நேர்முகத் தேர்வில் உட்கார முடியாது.

இதை எதிர்த்து தாமரைச்செல்வி எழுதிக்கொண்டிருக்கும்போதே பெண்கள் விடுதியில் தண்ணீர் நின்றுபோயிற்று.

சுபலட்சுமி கிளறியது வெறும் லேப் நிரல் இல்லை. அதே நிரலைத்தான் விடுதித் தொட்டியில் வைத்திருந்தார்கள். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வயர்லெஸ் வழியாக முத்துக்குமரன் அறையில் ஒரு பெரிய பலகை பச்சை எழுத்தில் காட்டும். வருகிற விருந்தாளிகளை எல்லாம் அதற்கு முன்னால் நிற்க வைத்துத்தான் போட்டோ எடுப்பார். தொட்டியிலிருந்த கருவியின் பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது. பலகை 'நிறைவு' என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் வாளியும் கையுமாக அவர் அறைக்கு வெளியே வந்து நின்றார்கள். அவர் பலகையைக் காட்டினார். தண்ணீர் இருக்கிறது. குழாயில் வரவில்லை என்றால் குழாயைத் திறக்கிற முறையில் ஏதாவது இருக்கும். ஒரு பிள்ளை, மேலே ஏறிப் பார்த்தோம், தொட்டி காய்ந்து கிடக்கிறது, பல்லி ஓடுகிறது என்றது. பார்த்ததற்குச் சோதனைக் குறிப்பு இருக்கிறதா, யார் அனுமதித்தார்கள், பல்லியைப் பார்த்தது யார், பெயர் என்ன என்று கேட்டார். பெயர் என்றதும் எல்லாரும் ரெண்டடி பின்னால் போனார்கள். அப்புறம் யாரும் எதையும் பார்க்கவில்லை.

சுபலட்சுமியிடம் திருத்தம் தயாராக இருந்தது. நாலே வரி. கொஞ்ச நேரம் தகவல் வராவிட்டால் 'தெரியவில்லை' என்று காட்டச் சொல்லும், அவ்வளவுதான். தாமரைச்செல்வி அதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். முத்துக்குமரன் நிதானமாகப் படித்தார். குறையே இல்லாத இடத்தில் திருத்தம் எதற்கு என்றார். திருத்தினால் குறை இருந்தது என்று ஆகிவிடும். அதுவுமில்லாமல், 'தெரியவில்லை' என்று ஒரு தர மையத்துப் பலகை சொல்லலாமா?

சாயங்காலம் தண்ணீர் லாரி பின் வாசல் வழியாக வந்தது. தோட்டத்துக்கு என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கல்லூரியில் தோட்டம் கிடையாது.

அடுத்து சின்னச்சாமிக்கு போன் போட்டு வரச் சொன்னார்கள்.

அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மகளுக்கு ஏதோ பரிசு என்று நினைத்துவிட்டார் போல. பலகைக்கு முன்னால் நிற்க வைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள்: உங்கள் மகள் பேரில் இத்தனை குறை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மகள் பெயர் வரிசையாக இறங்கிக்கொண்டே போவது தெரிந்தது. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது.

தாமரைச்செல்வி பக்கத்தில் போய், ஐயா அது அவள் செய்த தப்பு இல்லை, அவள் கண்டுபிடித்த தப்பு என்றாள். மேடமே ஒத்துக்கொள்கிறார்கள் பாருங்கள் என்றார் முத்துக்குமரன்.

சின்னச்சாமி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எது புரிந்ததோ புரியவில்லையோ, யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்பது அவருக்குப் புரிந்தது.

"பாக்கக் கூடாதத பாத்துருச்சுங்களா சார் எம்புள்ள? இனிமே பாக்காதுங்க. நான் சொல்லிப்புடுறேன். குனிஞ்ச தல நிமிராமப் படிச்சுட்டுப் போயிரும். இந்த ஒரு தடவ விட்ருங்க."

சுபலட்சுமி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவளைத் திட்டவில்லை. போகும்போது, "மத்தியானம் சாப்ட்டியா தாயி," என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

முத்துக்குமரன் இரக்கப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தாலாவது நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். குறைகளை எல்லாம் அவளே மூடிவிட்டால் நேர்முகத் தேர்வில் உட்காரலாம் என்றார். மூடுவதற்கு மென்பொருளில் காரணம் சொல்ல வேண்டும். மூன்று காரணங்களை மையம் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது: பார்த்தவரின் கவனக்குறைவு, பார்த்தவரின் அனுபவமின்மை, பார்த்தவரின் உடல்நலம். சுபலட்சுமி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடினாள். பெஞ்சு இல்லாததால் விருமாண்டி எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். தண்ணீர்த் தொட்டிக் குறையை உடல்நலத்தில் போட்டாள். ஏன் என்று தாமரைச்செல்வி கேட்டாள். அனுபவமின்மையில் நிறையப் போயிடுச்சு மேம், சந்தேகம் வரும் என்றாள்.

அப்போதே தெரிந்திருக்க வேண்டும், பிள்ளை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது என்று.

நேர்முகத் தேர்வு வந்தது. அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிக்காரர்கள் கேள்வி கேட்கிற அறையில் வேலைவாய்ப்பு அதிகாரி குருபிரசாத் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். தண்ணீர் எடுத்துக் கொடுக்க என்று பேர். யார் கல்லூரியைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். வேலைக் கடிதம் வந்தாலும் அவர் கை வழியாகத்தான் பிள்ளைகளுக்குப் போகும். அவரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்: உள்ளே வந்து குறை அது இது என்று யார் பேசினாலும் கடிதம் அவர் மேசையிலேயே இருக்கும்.

முந்தின நாள், காலேஜ் பஸ் கிளம்புவதற்கு முன்னால், தாமரைச்செல்வி சுபலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நாளைக்கு அவுங்க என்ன கேட்டாலும், ப்ராஜெக்ட்ல குறையே இல்லன்னு சொல்லு. நான் எதையும் கண்டுபிடிக்கலன்னு சொல்லு. வேலை மொதல்ல கைக்கு வரட்டும். அங்க போயி நீ எம்புட்டு வேணாலும் நோண்டிக்கலாம்."

"அவுக தேடுறதே தப்பு கண்டுபிடிக்கிற ஆளத்தான்னு சொன்னீங்களே மேம்."

"நான் சாப்பாட்டு நேரத்துல பிரியம்வதாட்ட உன் கதைய முழுசா சொல்லிருவேன். நீ அந்த ரூமுக்குள்ள மட்டும் வாயத் தொறக்காத. எனக்குச் சத்தியம் பண்ணு."

சுபலட்சுமி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் காலை பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்விட்டு வந்தார்கள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்தவர்கள் முகத்தில் ஒரே மாதிரி தேஜஸ். சாப்பாட்டுக்கு முன்னால் பிரியம்வதா தாமரைச்செல்வியைத் தேடிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டாள். கையில் இருந்த ஜூஸைக் குடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

ஏதோ ஒரு பிள்ளை என்று எழுதியிருந்தாயே, அவள் இன்றைக்கு வரவில்லையா என்று கேட்டாள். தாமரைச்செல்வி பெயரைச் சொன்னாள். பிரியம்வதா ஜூஸை மேசையில் வைத்தாள்.

அவளிடம் மூன்று விதமாகக் கேட்டேன் என்றாள். நீ கண்டுபிடித்ததிலேயே மோசமான தப்பு எது என்றேன், இல்லை என்றாள். கூட இருந்தவர்கள் நிரலில் ஏதாவது என்றேன், இல்லை என்றாள். கடைசியில் நானே ஒரு நிரலை எடுத்து, வேண்டுமென்றே ஒரு தப்பை வைத்து, அவள் முன்னால் நீட்டினேன்.

"அவ கண்ணு நேரா அந்த வரியில போய் நின்னுச்சு, செல்வி. நான் பாத்தேன். அப்புறம் அந்த மூலையில இருந்தவரப் பாத்தா. நல்லா இருக்கு மேடம்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டா."

தாமரைச்செல்வி எல்லாவற்றையும் கொட்டினாள். தொட்டி, பலகை, அப்பாவின் துண்டு, மூடின குறைகள், பஸ்ஸுக்குப் பக்கத்தில் தான் வாங்கின சத்தியம். நான்தான் சொல்லச் சொன்னேன், இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேள், அந்த ஆள் இல்லாத இடத்தில் கேள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிரியம்வதா கையை உருவவில்லை.

"நீ சொல்றத நான் நம்புறேன். ஆனா எங்க வேலையில எப்பவும் ஒருத்தர் மூலையில உக்காந்திருப்பாரு. மேனேஜரா இருக்கும், கஸ்டமரா இருக்கும். அப்ப சொல்றவதான எனக்கு வேணும். பாத்துட்டு இவ்வளவு சுத்தமா மறைக்கத் தெரிஞ்ச பொண்ண நான் எப்படிச் செல்வி கூட்டிட்டுப் போறது."

அந்தக் கம்பெனி அன்றைக்கு யாரையும் எடுக்கவில்லை. முடிவுகளை ஒரு வாரத்தில் தெரிவிப்போம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, காரில் ஏறுவதற்கு முன்னால் பலகையோடு நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். முத்துக்குமரன் ஆசிரியர்களைக் கூட்டி நன்றி சொன்னார். நேர்முகத் தேர்வு முழுக்க, உள்ளே போன ஒரு மாணவர் வாயிலிருந்துகூடக் குறை என்ற வார்த்தை வரவில்லை என்று குருபிரசாத் சாட்சி சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரர்களே அசந்துபோய்ப் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார்களாம். இந்த முறையை வகுத்துக் கொடுத்த தாமரைச்செல்வி மேடத்துக்கு ஒரு பொன்னாடை. குனிந்து வாங்கிக்கொண்டாள். பச்சை நிறம், ஓரத்தில் ஜரிகை.

லேபுக்குப் போகிற படியில் சுபலட்சுமி காத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். முகம் பூரித்துக் கிடந்தது. பொன்னாடையைப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் நல்லதா முடிஞ்சுச்சா மேம் என்று கிட்ட வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு புரோகிராம் காட்டுனாக மேம். மூணாவது வரியிலயே தப்பு. அது அவுகளா வச்சது, பாத்தவுடனே தெரிஞ்சுருச்சு. ஆனா அதுக்குக் கீழ இன்னொண்ணு கெடந்துச்சு மேம். அது அவுகளுக்கே தெரியாது போல. நெசமான தப்பு. ரெண்டு கருவி ஒண்ணா எந்திரிச்சா மொத்தமும் படுத்துரும். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. கடிச்சுக்கிட்டேன். ரெண்டையும் சொல்லல."

தாமரைச்செல்வி பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடித்தாள்.

"நல்லா செஞ்சேன்ல மேம்?"

"நல்லா செஞ்ச," என்றாள் தாமரைச்செல்வி.